காட்டுக்கு எடுத்துப்போகும் உலர்சாப்பாடு: கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க

வீட்டில் சமைத்ததை உலர்த்தி மலைக்குக் கொண்டுபோகிற நண்பர்கள் என்னிடம் பேசுவதெல்லாம் இறங்கி வந்த பிறகுதான். சாதம் ஊறவில்லை, பையைத் திறந்ததும் ஒரு வாடை, கறி ரப்பர் மாதிரி இழுத்தது, ராத்திரி இரண்டு பேருக்கு வயிறு சரியில்லை. அதனால் இதைச் சமையல் குறிப்பாக எழுதாமல், கண்ணுக்கோ மூக்குக்கோ முதலில் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கி எழுதுகிறேன். உங்கள் பையில் என்ன ஆயிற்றோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

போவதற்கு முன் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உணவைக் காயவைப்பது காற்று. சூடு உள்ளே இருக்கும் ஈரத்தைக் கிளப்பிவிடும். கிளம்பி வந்த ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியே போவது காற்றின் வேலை. வேலூரில் கத்திரி வெயில் நாட்களில் மாடியில் போட்ட வேட்டி அரை மணி நேரத்தில் மொறமொறவென்று ஆகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அதே கொடியில் ஒரு நாள் முழுக்கத் தொங்கினாலும் ஈரவாடை போவதில்லை. துணிக்கு நடப்பதுதான் சாதத்துக்கும் நடக்கிறது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல், சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று நினைத்ததால் வருபவை.

என்னிடம் இருப்பது பின்பக்கம் விசிறி வைத்த ஐந்து தட்டு டீஹைட்ரேட்டர், அதாவது சூடான காற்றில் உணவை உலர்த்தும் மெஷின். காட்பாடியில் வீடு. ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் வருடத்தில் நான்கைந்து முறை போகிறோம். இங்கே சொல்லும் நேரமெல்லாம் என் மெஷினின் கணக்கு. வெப்பநிலை மட்டும் எல்லோருக்கும் பொது.

காய்ந்ததா, இல்லையா என்றே தெரியவில்லை

முதலில் இதைத் தீர்த்துக்கொண்டால் மற்ற தலைப்புகளில் பாதி தேவைப்படாது.

மெஷினிலிருந்து எடுத்தவுடன் தொட்டுப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். சூட்டில் எல்லாமே கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். ஒரு பிடி எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டுப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். ஆறிய பிறகு சாதமும் பருப்பும் தட்டில் விழும்போது சலசலவென்று கேட்க வேண்டும். காய் வளையாமல் நொறுங்க வேண்டும். தக்காளித் தொக்கு, பழக்கூழ் போன்றவை மட்டும் தோல் மாதிரி வளையும், அது சரிதான். ஆனால் விரலில் ஒட்டக்கூடாது.

இதைவிட நம்பகமானது தராசு. சமைப்பதற்கு முன் அரிசி, பருப்பின் எடையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் அரிசி வெந்து 550, 600 கிராம் சாதமாகும். அது காய்ந்து மறுபடி 200 கிராமுக்குக் கீழே இறங்கினால் காய்ந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். காரணம் எளிது. கடையில் வாங்கும் அரிசியிலேயே நூற்றுக்கு 12, 13 பங்கு ஈரம் இருக்கிறது, அந்த ஈரத்தோடுதான் அது மூட்டையில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. நம் சாதமும் அந்த அளவுக்கு வந்தாக வேண்டும். தராசு 230 காட்டினால் 30 கிராம் தண்ணீர் இன்னும் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று பொருள். இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள்.

காய்க்கும் இதே கணக்குதான். ஒரு கிலோ கேரட் 130 கிராமுக்குப் பக்கத்திலும், கோஸ் 90 கிராமுக்குப் பக்கத்திலும், தக்காளி 60 கிராமுக்குப் பக்கத்திலும் வந்து நிற்கும்.

மேலே மொறுமொறு, உள்ளே ஈரம்

துண்டைப் பிட்டால் நடுவில் கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். உருளைக்கிழங்கு, கேரட், கெட்டியாகப் பரப்பிய பொங்கல் இவற்றில் அதிகம் பார்க்கலாம். ஆரம்பத்திலேயே 70 டிகிரியில் வைத்திருப்பீர்கள். மேல்பக்கம் அவசரமாகக் காய்ந்து ஓடு கட்டிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழி அடைபட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் வைத்தாலும் பயனில்லை.

காய்க்கு 52 முதல் 57 டிகிரி போதும். வெந்த சாதம், பருப்புக்கு 57 முதல் 60 வரை. அடுப்பு ஓவனில் செய்கிறவர்களுக்கு இந்தக் கோளாறு வந்தே தீரும், ஏனென்றால் பல ஓவன்களில் குறைந்தபட்ச சூடே இதைவிட அதிகம். கதவை ஒரு கரண்டி வைத்துத் திறந்துவைத்தாலும் சமாளிப்பது கஷ்டம்.

ஏற்கெனவே ஓடு கட்டிவிட்டதா? மிக்ஸியில் கொரகொரவென்று ஒரு சுற்று விட்டு, மெல்லிசாகப் பரப்பி, 55 டிகிரியில் திரும்பவும் வையுங்கள். சூப்புக்கும் கஞ்சிக்கும் நன்றாகவே உதவும்.

சாதம் ஊறவில்லை, நடுவில் கல் மாதிரி

அதிகம் பேர் தோற்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மலையில் தண்ணீர் சரியாகக் கொதிக்காது, அதனால்தான் ஊறவில்லை என்று சொல்வார்கள். நம் மலைகளுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. ஜவ்வாது மலையில், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் இடம் 725 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 97, 98 டிகிரியில் கொதிக்கும். வெந்து காய்ந்த சோறு ஊற அது தாராளம். கோளாறு வீட்டிலேயே நடந்திருக்கிறது.

முதலில் வேகவைத்ததைச் சோதியுங்கள். உலர்த்தப்போகும் சாதத்தில் ஒரு பருக்கையை எடுத்து, எவர்சில்வர் தட்டின் பின்புறத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி ஒரு வெள்ளை தெரிகிறதா? அது வேகாத மாவு. விருந்துக்குப் பொலபொலவென்று வடிப்பவர்கள் அந்தப் புள்ளியோடு இறக்கிவிடுவார்கள், பாத்திரத்தின் சூட்டிலேயே அது வெந்துவிடும். நாம் உடனே தட்டில் பரப்பிவிடுவதால் அது வேகாமலேயே காய்ந்து கல்லாகிறது. உலர்த்தும் சாதத்தை ஒரு விசில் கூடுதலாகவே விடுங்கள். கொஞ்சம் குழைந்தால் குற்றமில்லை.

அடுத்தது கட்டி. ஈரக்கையோடு பரப்பும்போது பத்துப் பதினைந்து பருக்கை ஒன்றாக ஒட்டிக்கொண்டு காயும். ஊறவைத்த பிறகு சில பருக்கைகள் மட்டும் கல்லாக இருந்தால் காரணம் இதுதான். மூன்றாவது மணி நேரத்தில் மெஷினைத் திறந்து, தட்டைக் கீழே வைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் சாதத்தை வைத்து மெதுவாக உருட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் பருக்கையின் மேல்தோல் காய்ந்து, உள்ளே மட்டும் இளக்கமாக இருக்கும். பருக்கைகள் உடையாமல் தனித்தனியாகப் பிரிந்து வரும். ஐந்தாவது மணிக்கு முயன்றால் பிரியாது, நொறுங்கும். இந்த ஒரு வேலைக்காகவே நான் மெஷினைக் காலையில் போடுகிறேன். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் சரியான நேரம் தவறிவிடுகிறது.

ஃப்ரிட்ஜில் வைத்த நேற்றைய சாதத்தை உலர்த்துவதும் ஒரு காரணம். ஆறிக் குளிர்ந்த சாதம் இறுகிப்போகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த இறுக்கத்தோடே காய்ந்தால் ஊறுவதற்கு இரண்டு மடங்கு நேரம் கேட்கும். சூடாக வடித்து, சூடாகவே பரப்புங்கள்.

புளி இன்னொன்று. புளிப்பு எதையும் இளகவிடாது. புளி ஊற்றிய பிறகு காய் வேகாது என்று வீட்டில் சொல்வது அதனால்தான். புளிசாதமாகக் கலந்து உலர்த்தாதீர்கள். சாதத்தைத் தனியாக உலர்த்துங்கள், புளிக்காய்ச்சலைச் சிறு பாட்டிலில் கொண்டுபோங்கள். நம்மூர்க் கட்டுச்சோற்றுக்குப் புளிக்காய்ச்சல் எப்படியும் செய்வோம், தனியாக ஒரு வேலையும் இல்லை.

அரிசியின் தேர்வும் முக்கியம். ஆரணி ஆலை அரிசியில் பொன்னி புழுங்கல் நன்றாக உலர்கிறது, ஆனால் ஊற இருபது நிமிடம் ஆகும். சீரகச் சம்பா பொடிசானதால் சீக்கிரம் ஊறும். என் தேர்வு இரண்டும் இல்லை, சாமை. ஜவ்வாது மலையிலேயே விளைகிறது. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போய்வரும்போது வாங்கிவந்துவிடுவேன். மணி சின்னது, அதனால் ஈரம் வெளியேறவும் திரும்ப உள்ளே போகவும் தூரம் குறைவு. ஒரு பங்கு சாமைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். பாசிப்பருப்பைத் தனியாக மசிய வேகவைத்துக் கலந்து, மிளகு, சீரகம், சுக்குத்தூள், உப்பு. நெய் மட்டும் கிடையாது, ஏன் என்று கீழே வருகிறது. 57 டிகிரியில் எட்டு மணி நேரம். காய்ந்த இந்தச் சாமைப் பொங்கலை உதிர்த்துவிட்டால் ரவை மாதிரி ஆகிவிடும்.

முகாமில் ஊறவைக்கும் முறை: ஒரு டம்ளர் உலர்பொங்கலுக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீரிலேயே கால் மணி நேரம் ஊறட்டும். அப்புறம் அடுப்பில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கி, மூடி, துண்டால் சுற்றிக் கால் மணி நேரம். நேரே கொதிநீரை ஊற்றிக் கிளறினால் வெளிப்பக்கம் குழைந்து உள்ளே கல்லாகவே நிற்கும். சிலிண்டரில் கேஸ் மிச்சமாவதும் இந்த முறையில்தான். காப்புக்காட்டில் விறகு மூட்டித் தீப்போடுவது குற்றம், தங்குவதற்கே வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், ஆகவே கையில் இருக்கும் சின்ன கேஸ் அடுப்புதான் நமக்கு எல்லாமே.

சாம்பார் தட்டோடு தட்டாக ஒட்டிக்கொண்டது

தண்ணியாக ஊற்றியிருப்பீர்கள், அல்லது பருப்பு சரியாக மசியாமல் தண்ணீர் தனியாகப் பிரிந்திருக்கும். கரண்டியைத் தூக்கினால் சொட்டாமல் மெதுவாக நழுவும் பதத்துக்கு வற்றவைத்த பிறகு ஊற்றுங்கள். பட்டர் பேப்பரை விரித்து, தோசைக்குத் தேய்க்கிற மாதிரி கால் அங்குலத்துக்கும் குறைவாகத் தேய்க்க வேண்டும். விளிம்பில் கொஞ்சம் தடிப்பாக, நடுவில் மெல்லிசாக இருந்தால் ஒரே சீராகக் காயும். விளிம்புதான் எப்போதும் முந்திக்கொள்ளும்.

நான்கு மணி நேரம் கழித்துத் தோசை மாதிரி உரித்துத் திருப்பிப் போடுங்கள். உரியவில்லை என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை, இழுத்துக் கிழிக்க வேண்டாம். முழுக்கக் காய்ந்ததும் கையாலேயே உடைத்துப் பொடி செய்துவிடலாம்.

சாம்பாரில் போடும் முருங்கைக்காயை எடுத்துவிடுங்கள், அது திரும்ப ஊறாது. அதற்குப் பதில் முருங்கைக்கீரையை நிழலில் உலர்த்திக் கடைசியில் தூவிக்கொள்ளலாம். இரண்டு நாளில் காய்ந்துவிடும், மெஷினே வேண்டாம்.

பையின் உள்பக்கம் வியர்த்திருக்கிறது, பூஞ்சை

இரண்டும் ஒரே கோளாறுதான், வியர்வை முதலில் வரும், பூஞ்சை பின்னால் வரும். வியர்வையைப் பார்த்த அன்றே கண்டுபிடித்தால் காப்பாற்றிவிடலாம்: மெஷினில் திரும்ப இரண்டு மூன்று மணி நேரம். ஒரு துண்டில் பூஞ்சை தெரிந்தாலும் பை முழுவதையும் கொட்டிவிடுங்கள். தெரிகிற இடத்தை மட்டும் எடுத்துப்போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வது நம் வீட்டுப் பழக்கம், இதில் மட்டும் அது கூடாது.

இந்தக் கோளாறு எனக்கு நேர்ந்திருக்கிறது. அமிர்தி அருவிக்குப் போன ஒரு பயணத்தில், ஐந்து பேருக்கு இரண்டு வேளைக்கான கொண்டைக்கடலைக் குழம்பு மொத்தமும் போயிற்று. குழம்புப் பொடி நொறுங்க நொறுங்கத்தான் இருந்தது. ஆனால் நடுநடுவே இருந்த முழுக் கடலைக்குள் ஈரம் இருந்திருக்கிறது. மூடிய பைக்குள் அந்த ஈரம் நான்கு நாளில் வெளியே வந்து பொடியில் ஏறிவிட்டது. அன்றைக்கு எல்லோரும் அவலும் வெல்லமும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு கடலையை நசுக்காமல் உலர்த்தியதே இல்லை. வெந்த கடலையை மத்தால் ஒரு தட்டு தட்டிப் பிளந்துவிட்டால் போதும், ஊறுவதற்கும் அதுவே வசதி.

எங்கள் ஆயா கத்தரிக்காய் வற்றல் போட்டு முடித்து ஜாடியில் எடுத்து வைத்த பிறகு, மூன்றாம் நாள் ஜாடியைத் தூக்கிக் காதருகே குலுக்கிப் பார்ப்பார். "சலசலன்னு சொல்லணும் கண்ணு, தொப்தொப்புன்னு சொன்னா இன்னும் ஒரு வெயில் காட்டணும்" என்பார். வெயில் காட்டுவது என்று நாம் சொல்வது முழுக்க முழுக்க அறிவியல். துண்டுக்குத் துண்டு ஈரம் ஒரே மாதிரி இருக்காது. மூடிய ஜாடிக்குள் அதிகம் ஈரமானது குறைந்ததற்குக் கொடுத்து, எல்லாம் ஒரு சமநிலைக்கு வரும். அப்போதுதான் மொத்தம் எவ்வளவு ஈரம் மிச்சம் என்பது தெரியும். டீஹைட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியதும் இதேதான். கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகத்துக்கும் குறைவாகப் போட்டு, ஒரு வாரம் பத்து நாள் தினமும் குலுக்கிப் பாருங்கள். கண்ணாடியில் ஒரு சொட்டு தெரிந்தாலும், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டினாலும் மெஷினுக்குத் திரும்பப் போகட்டும். அதற்குப் பிறகே பைகளில் பிரித்துப் போட வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் உலர்த்துவதில் இந்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

சரி, அப்படியானால் ஆயா மாதிரி எல்லாவற்றையும் மாடியிலேயே காயவைத்தால் என்ன? வற்றலில் உப்பு இருக்கிறது, உப்புதான் அங்கே காவல். உப்பு அளவாகப் போட்ட சாதத்தையும் பருப்பையும் மாடியில் போட்டால், 40 டிகிரி வெயிலும் கிருமிகளுக்கு இதமான சூடுதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் ஈரமான சோறு மணிக்கணக்கில் கிடப்பது ஆபத்து. வற்றல், மோர்மிளகாய், கீரை இவற்றுக்கு மாடி. வெந்த சாப்பாட்டுக்கு மெஷின்.

நடுவில் கரண்ட் போய்விட்டது

சமைத்துப் பரப்பிய முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் போனால் கவனம் தேவை. நம் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஈரமான சாதத்தை அப்படியே விடாதீர்கள். தட்டுகளோடு ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள், கரண்ட் வந்ததும் தொடருங்கள். சாதம் கொஞ்சம் இறுகும், பரவாயில்லை. பாசில்லஸ் செரியஸ் என்று ஒரு கிருமி சோற்றில் பிடித்தமாக வளரும். அது விட்டுவைக்கும் நஞ்சு திரும்பக் கொதிக்கவைத்தாலும் அழியாது. முகாமில் நன்றாகக் கொதிக்கவைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் இங்கே செல்லாது. எத்தனை மணி நேரம் போயிருந்தது என்று தெரியாவிட்டால் கொட்டிவிடுங்கள். காட்டுக்குள் வாந்தியோடு ஒருவரைத் தூக்கிக்கொண்டு இறங்குவது எவ்வளவு சிரமம் என்பது போனவர்களுக்குத் தெரியும்.

முழுக்கக் காயும் தறுவாயில் போனால் பயமில்லை. கதவைத் திறக்காமல் விட்டுவிடுங்கள்.

சிக்கு வாடை

எண்ணெய் காயாது. தண்ணீர் போன பிறகும் அது அப்படியே நிற்கும், காற்றுப் பட்டுச் சிக்கு வாடை எடுக்கும். தேங்காய் அரைத்துவிட்ட குருமா, நெய் மிதக்கும் பொங்கல், நிலக்கடலைச் சட்னி மூன்றும் பத்து நாளில் மாட்டிவிடும். தாளிப்புக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெயோடு நிறுத்துங்கள். நெய்யைச் சிறு பாட்டிலில் தனியாகக் கொண்டுபோய் மலையில் ஊற்றிக்கொள்ளலாம். தேங்காய்க்குப் பதில் கடையில் கிடைக்கும் தேங்காய்ப்பால் பவுடர். நிலக்கடலையை வறுத்து முழுதாகவே கொண்டுபோங்கள். தயிர், பால், முட்டை இவற்றை வீட்டில் உலர்த்தவே வேண்டாம் என்பது என் கருத்து. முட்டையில் அபாயம் நிஜமானது.

கறி ரப்பர் மாதிரி இழுக்கிறது

துண்டுக்கறியை உலர்த்தினால் அப்படித்தான் ஆகும். ஊறவைத்தாலும் நார் பிரியாது. கொத்துக்கறியாக வாங்குங்கள், கொழுப்பு இல்லாத பாகம். நன்றாக வேகவேண்டும்: ஆட்டுக்கறி 71 டிகிரி, கோழி 74 டிகிரி உள்சூடு. உலர்த்தும் மெஷினின் சூட்டை நம்பிப் பாதி வேக்காட்டில் போடக்கூடாது. வெந்ததை வடிகட்டியில் கொட்டிச் சுடுதண்ணீர் ஊற்றினால் மேலே இருக்கும் கொழுப்பு போய்விடும். அப்புறம் மசாலாவோடு பிரட்டி, அரைக் கிலோவுக்கு ஒரு கைப்பிடி ரஸ்க் தூள் சேர்த்துப் பிசையுங்கள். அந்த ரஸ்க் தூள் தண்ணீரை உறிஞ்சிக் கறிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். சேர்த்ததற்கும் சேர்க்காததற்கும் நாக்கிலேயே வித்தியாசம் தெரியும். 65 டிகிரியில் ஆறேழு மணி நேரம். கிளம்பும் வரை ஃப்ரீசரில் இருக்கட்டும்.

கோழிக்குக் குக்கரில் எலும்பிலிருந்து தானாக விலகும் வரை வேகவைத்து, விரலால் நூல் நூலாகப் பிய்த்து உலர்த்தினால் ஓரளவு வரும்.

ஆம்பூர் பிரியாணியை உலர்த்தலாமா என்று கேட்காதவர்கள் குறைவு. வேண்டாம். அதில் இருக்கும் எண்ணெயும் கொழுப்பும்தான் அதன் ருசி, உலர்த்தலுக்கு எதிரியும் அதுவே. போகும் வழியில் ஆம்பூரில் இறங்கிச் சூடாகச் சாப்பிட்டுவிட்டு ஏலகிரி ஏறுங்கள்.

காய் கறுத்துப்போயிற்று

கொதிநீர் காட்டாமல் போட்டிருக்கிறீர்கள். கேரட், பீன்ஸ், உருளை எல்லாம் மூன்று நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டு, துணியில் ஒற்றிய பிறகுதான் தட்டுக்குப் போக வேண்டும். காய்க்குள் இருக்கும் நொதிகள் அடங்கினால்தான் நிறமும் மணமும் நிற்கும். வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய்க்கு இது தேவையில்லை. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் காய் கையில் இருந்தால் மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் நான்கு நிமிடம் வேகவைத்துப் போடுங்கள். நிறம் கொஞ்சம் மங்கினாலும் ருசி போகாது, குழம்பில் அந்தக் கொழகொழப்பு திரும்ப வரும்.

மழைக்காலத்தில் காயவே மாட்டேன் என்கிறது

மலைக்குப் போக நல்ல காலம் அக்டோபருக்குப் பிறகுதான். பீமன் அருவியில் தண்ணீர் இருக்கும், காடு பச்சையாக இருக்கும். உலர்த்துவதற்கு அதே காலம்தான் மோசம். மெஷின் சமையலறையில் இருந்தால், ஒரு பக்கம் குக்கர் ஆவி விடும், இன்னொரு பக்கம் மெஷின் தான் வெளியே தள்ளிய ஈரக்காற்றையே திரும்ப இழுத்துக்கொள்ளும். கூடத்துக்கோ படுக்கையறைக்கோ மாற்றி, சன்னலைத் திறந்து, சீலிங் ஃபேனைப் போட்டுவிடுங்கள். சூட்டைக் கூட்டாதீர்கள், ஐந்து தட்டுக்குப் பதில் மூன்று தட்டு போடுங்கள். என் மெஷினில் மே மாதம் எட்டு மணி நேரத்தில் முடியும் பொங்கலுக்கு நவம்பரில் பதினோரு மணி நேரம் ஆகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. காய்ந்து முடிந்ததை ராத்திரி முழுக்கத் தட்டிலேயே விட்டால், காலைக்குள் காற்றில் இருக்கும் ஈரத்தை அது குடித்துவிடும். அப்பளம் நமுத்துப்போவது மாதிரிதான். அணைத்து அரை மணி நேரத்துக்குள், சூடு ஆறியதும் மூடிவிட வேண்டும்.

காய், கீரை, சாமை இவற்றைக் கோடையிலேயே காயவைத்து ஜாடியில் மூடி, இருட்டான அலமாரியில் வைத்துவிடுகிறேன். மழைக்காலத்தில் மெஷினுக்கு மிஞ்சுவது குழம்பும் கறியும் மட்டும்.

அளவு போதவில்லை, காரம் ஏறிவிட்டது

காய்ந்ததைப் பார்த்துக் கணக்குப் போடுவதால் வருவது. சமைக்கும்போதே ஒரு ஆள் வீட்டில் சாப்பிடும் அளவு இது என்று தட்டுக்கு ஒரு ஆள் எனப் பிரித்துப் பரப்புங்கள், அந்தத் தட்டு அப்படியே ஒரு பை. மலை ஏறி வந்தவருக்குக் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். காரமும் உப்பும் ஏறுவது தண்ணீர் குறைவாக ஊற்றி ஊறவைப்பதால்தான். பையின் மேல் எவ்வளவு தண்ணீர் என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிடுங்கள்.

வயிறு உப்புசம்

பயறும் கடலையும் குழைய வேகவில்லை. உப்புத்தண்ணீர் வரும் தெருவில் இருப்பவர்கள் பருப்பை நல்ல தண்ணீரில் வேகவையுங்கள். ராஜ்மாவை விட்டுவிட்டுப் பாசிப்பருப்போடு நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது.

ஊறி முடிவதற்குள் ஆறிப்போகிறது

பிளாஸ்டிக் பையில் கொதிநீர் ஊற்றாதீர்கள், சாதாரண ஜிப் பை அந்தச் சூட்டுக்கு ஏற்றதில்லை. வீட்டில் இருக்கும் எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் நேரே வைத்துக் கொதிக்கவிடலாம், மூடி இறுக்கமாகப் பிடிக்கும், கைப்பிடியும் இருக்கிறது. இறக்கியவுடன் தேங்காய்ப்பூத் துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றி, தூங்கும் பைக்குள் திணித்துவிடுங்கள். ஜனவரியில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் பல் கிட்டும் குளிரிலும், இருபது நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால் ஆவி வரும். நெய்யை அப்போது ஊற்றுங்கள்.